நடுக்கத்தின் வரலாறு – 9: மூளை இல்லாத சாட்சி

தாமலிலும் காஞ்சிபுரத்தைச் சுற்றிய மற்ற ஊர்களிலும் தறி ஓட்டிப் பழகிய பெரியவர்களிடம் கை உதறலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தறியில் உட்கார்ந்திருக்கும்வரை கை அடங்கிக் கிடக்கும், திண்ணைக்கு வந்து மடியில் கையை வைத்ததும் உதறத் தொடங்கும் என்பார்கள். பார்க்கின்சன் நோயை மற்ற நடுக்கங்களிலிருந்து பிரித்துப் பார்க்க நரம்பியல் மருத்துவர் தேடும் முக்கியமான அடையாளமும் அதுதான். வேலை செய்யும்போது நடுங்கும் கைக்கு வேறு காரணம் இருக்கலாம். சும்மா இருக்கும்போது நடுங்கினால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் நெசவாளியைத் தறியை விட்டு இறக்குவது இந்த நடுக்கமில்லை, அதோடு வரும் மந்தம். நாடாவைத் தள்ளும் கை பிந்தும், மிதிகட்டையில் கால் பிந்தும். ஒரு நாளில் முடிந்த வேலை மூன்று நாள் இழுக்கும்.

சென்ற அத்தியாயத்தை 1937-ல், சேப்பாக்கத்தில் நிறுத்தியிருந்தோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்துப் 'பயோகெமிக்கல் ஜர்னலில்' எழுதினார்கள். (தாமல் பெருமாளின் திருப்பெயரும் தாமோதரன்தான். ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.) பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றிப்போவதை 1960-ல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும் கண்டார்கள். அதன்பின் அந்த எல்-டோபாவே உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதன்மை மருந்தாயிற்று. மருந்து பற்றாக்குறையை நிரப்பியது. டோபமைன் சுரக்கும் அணுக்கள் ஏன் சாகின்றன என்ற கேள்விக்கு மட்டும் அதனிடம் பதில் இல்லை.

இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது. அதற்குப் பதில் தேடியவர்கள் கடைசியில் போய் நின்ற இடம் ஈஸ்ட். ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற, பீரைப் புளிக்க வைக்கிற அதே ஈஸ்ட். ஒரே ஓர் அணு, நரம்பு கிடையாது, மூளை கிடையாது. முதலில் கேட்கிறவருக்குச் சிரிப்பு வரும். வந்தது என்றுதான் அந்தத் துறைக்காரர்களே சொல்கிறார்கள்.

இட்லி மாவு பொங்குவதும் ஈஸ்டால்தானே என்று சிலர் நினைக்கக்கூடும். வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி நம்மூர்ப் பக்கத்துச் சொத்து என்பதால் இதை ஒரு வரியில் தீர்த்துவிடுகிறேன். இட்லி மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லியூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கே என்று 1965-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஈஸ்ட் அந்த மாவில் இருந்தாலும் அது இரண்டாம் ஆள்.

புரதத்தின் வடிவத்திலிருந்து தொடங்குவோம். அதைச் சொல்லக் காஞ்சிப் பட்டை விட நல்ல பொருள் கிடையாது. பட்டு இழை ஒரு புரதம். பட்டுப்புழு சுரக்கும் ஃபைப்ராயின் என்ற நீண்ட சங்கிலி, பக்கத்துச் சங்கிலிகளோடு வரிசையாக ஒட்டி, தட்டையான அடுக்குகளாக நிற்கிறது. இதற்குப் பீட்டா அடுக்கு என்று பெயர். 1955-ல் மார்ஷ், கோரி, பாலிங் மூவரும் பட்டின் இந்த அமைப்பை விவரித்தார்கள். பட்டின் உறுதிக்குக் காரணம் அந்த அடுக்குதான்.

மூளை நோய்களில் அணுக்களுக்குள்ளும் வெளியிலும் தேங்கும் படிவங்களும் பீட்டா அடுக்குகளே. அமிலாய்டு என்று 1854-ல் விர்கோ பெயர் வைத்த பொருள் இது. அதன் இழைகளில் பீட்டா அடுக்கு இருப்பதை ஈன்ஸும் கிளென்னரும் 1968-ல் எக்ஸ்-கதிர் கொண்டு காட்டினார்கள். பட்டுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பட்டில் சங்கிலிகள் இழையின் நீளவாக்கில் பாவு போல ஓடுகின்றன. அமிலாய்டில் ஊடை போலக் குறுக்கே படுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நீள்கின்றன. குறுக்கே அடுக்கிய அந்த இழையின் நுனியில் அடுத்த சங்கிலி வந்து ஒட்டுவது சுலபம். ஒட்டியதும் அதுவும் அதே வடிவத்துக்கு மடங்குகிறது.

எந்த மடிப்பு முடியும், எந்த மடிப்பு முடியாது என்பதை உலகுக்கு வரைந்து காட்டியது சென்னை. ஏ. லட்சுமணசுவாமி முதலியார் துணைவேந்தராக இருந்தபோது, 1952-ல் இயற்பியல் துறையை நடத்த ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வயது முப்பது. பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் நாரை வைத்துக் கொலாஜனின் வடிவத்தை அவரும் கோபிநாத் கர்த்தாவும் கண்டார்கள். 1954-ல் 'நேச்சர்' அதை வெளியிட்டது. பிறகு 1963-ல் ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வெளியிட்ட ஒரு வரைபடம், புரதச் சங்கிலி ஒவ்வொரு கணுவிலும் எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டியது. சங்கிலியின் வேதியியல் அணுக்கள் (உயிரணுக்கள் அல்ல) ஒன்றோடொன்று மோதாத இடங்கள் மட்டும் அதில் அனுமதிக்கப்பட்ட பகுதிகள். இன்றும் புதிதாகக் கண்டறியப்படும் ஒவ்வொரு புரத வடிவமும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சோதிக்கப்படுகிறது.

அந்த வரைபடத்தின் இடது மேல்மூலையில் பீட்டா அடுக்குக்கான பெரிய பகுதி இருக்கிறது. பட்டும் அங்கேதான் விழும், மூளையின் படிவமும் அங்கேதான் விழும். கோணங்களின் கணக்கு இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. நோய்க்கான வடிவம் ஏதோ விபரீதமான வடிவமாக இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். அது எந்தப் புரதச் சங்கிலியும் எடுக்கக்கூடிய, இயற்பியல் முழுதாக அனுமதிக்கிற வடிவம். ராமச்சந்திரன் தம் கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயால் அவதிப்பட்டார். 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.

அவர் இறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால்தான் இந்த நோயின் புரதம் பிடிபட்டது. பார்க்கின்சன் நோயாளிகளின் அணுக்களில் உருண்டையான படிவங்கள் இருப்பதை 1912-லேயே ஃபிரெடெரிக் லூயி எழுதியிருந்தார். அவை எதனால் ஆனவை என்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் தெரியாமல் இருந்தது. தெற்கு இத்தாலியின் காண்டூர்சி ஊரைச் சேர்ந்த ஒரு குடும்ப வழியில் இந்த நோய் தலைமுறை தலைமுறையாக வந்தது. அவர்களிடம் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதத்தின் மரபணு மாறியிருந்ததை 1997-ல் பாலிமெரோபுலஸ் குழு கண்டது. அதே ஆண்டு மரியா ஸ்பில்லன்டினியும் சகாக்களும் லூயி உருண்டைகளில் இருப்பது அதே புரதம்தான் என்று காட்டினார்கள். 140 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம்.

இனி ஈஸ்ட்.

ஈஸ்டைப் பற்றிய ஆராய்ச்சி இந்தியாவுக்குப் புதிதில்லை. 1940-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.கே. சுப்பிரமணியமும் பி. ரங்கநாதனும் ஈஸ்டின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் அதன் உட்கரு எங்கே இருக்கிறது என்பதே சண்டையாக இருந்தது. 1996-ல் அதன் மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்டது. 16 குரோமோசோம்கள், 1 கோடியே 20 லட்சம் எழுத்துகள், ஏறத்தாழ 6,000 மரபணுக்கள். உட்கரு உள்ள உயிர்களில் முதலில் முழுதாகப் படிக்கப்பட்டது இதுதான். நம் அணுக்களைப் போலவே இதற்கும் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, புரதங்களை மடித்து அனுப்பும் பாதைகள், பழசை அப்புறப்படுத்தும் ஏற்பாடு எல்லாம் உண்டு. அந்தச் சொந்தம் எவ்வளவு நெருக்கம் என்பதை 2015-ல் டெக்சாஸில் ஆஷிக் கச்ருவும் எட்வர்ட் மார்கோட்டும் சகாக்களும் சோதித்தார்கள். ஈஸ்ட் உயிர்வாழக் கட்டாயம் தேவையான 414 மரபணுக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மனித மரபணுவை வைத்தார்கள். பாதிக்குச் சற்றுக் குறைய, மனித மரபணுவை வைத்துக்கொண்டே ஈஸ்ட் பிழைத்தது. நமக்கும் அதற்கும் பொது மூதாதை பிரிந்து சுமார் நூறு கோடி ஆண்டுகள் ஆன பிறகும் இது நடக்கிறது.

ஈஸ்ட் இந்தக் கதைக்குள் நுழைந்தது நிறத்தால். அடினீன் தயாரிக்கும் ஒரு மரபணு கெட்டுப்போன ஈஸ்டில் ஒரு சிவப்பு நிறமி தேங்கும், திட்டுகள் சிவப்பாக வளரும். அந்தக் கோளாறை மீறி மரபணு மீண்டும் படிக்கப்பட்டால் வெள்ளையாகும். 1965-ல் பிரையன் காக்ஸ் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். வெள்ளை–சிவப்பை முடிவு செய்யும் ஏதோ ஒன்று மகள் அணுக்களுக்கு வாரிசாகப் போகிறது, ஆனால் குரோமோசோம்களின் கணக்குக்கு அது கட்டுப்படவில்லை. அதற்கு 'சை' என்று பெயர் வைத்தார். பல வருடம் யாருக்கும் விளங்கவில்லை. இன்னொரு விசித்திரத்தை 1971-ல் லாக்ரூட் கண்டார், அதுவும் விளங்கவில்லை. 1994-ல் ரீட் விக்னர் இரண்டுக்கும் ஒரே விளக்கம் சொன்னார். இவை டி.என்.ஏ வழியாகப் போகும் வாரிசுரிமைகள் இல்லை. தவறாக மடங்கிய ஒரு புரதம் தன் இனத்துப் புரதங்களையெல்லாம் தன்போல் மடக்குகிறது, அந்த மடிப்பே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. பித்துப்பிடித்த ஆடுகளின் மூளையில் இப்படி ஒன்று இருப்பதாக ஸ்டான்லி புருசினர் 1982-ல் சொல்லி, அதற்குப் பிரியான் என்று பெயரும் வைத்திருந்தார். பலர் நம்பவில்லை. ஈஸ்ட் அதைத் தட்டில் சிவப்பு வெள்ளையாகக் காட்டியது.

அதே சமயத்தில் சிகாகோவில் சூசன் லிண்ட்குவிஸ்ட் வேறொரு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். வெப்பம் தாக்கும்போது அணுக்கள் தங்கள் புரதங்களை எப்படிக் காப்பாற்றுகின்றன என்பது அவர் கேள்வி. எச்.எஸ்.பி-104 என்ற புரதம் இல்லாத ஈஸ்ட் கடும் சூட்டில் தாக்குப்பிடிக்காது என்று 1990-ல் அவர் குழு எழுதியது. அது கட்டிப்போன புரதங்களைப் பிரித்தெடுக்கும் புரதம். 1995-ல் யூரி செர்னாஃபும் லிண்ட்குவிஸ்டும் சேர்ந்து அதைக் காக்ஸின் 'சை'யோடு இணைத்தார்கள். எச்.எஸ்.பி-104 இல்லாவிட்டால் 'சை' மறைகிறது, அளவுக்கு மீறி இருந்தாலும் மறைகிறது.

லிண்ட்குவிஸ்ட் 2001-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜிலுள்ள வைட்ஹெட் நிறுவனத்துக்கு இயக்குநராகப் போனார். அங்கே போர்ச்சுகலிலிருந்து வந்த மாணவர் டியாகோ அவுடெய்ரோ மனிதனின் ஆல்ஃபா சைனூக்ளின் மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்தார். அதைக் கேலக்டோஸ் என்ற சர்க்கரையால் முடுக்கப்படும் ஒரு பகுதியோடு இணைத்தார்கள். குளுக்கோஸ் கொடுத்தால் மரபணு தூங்கும், கேலக்டோஸ் கொடுத்தால் விழிக்கும். ஆய்வுக்கூடத்தில் இதைப் பார்ப்பது எளிது. ஈஸ்ட் கரைசலைப் பத்துப் பத்து மடங்கு நீர்க்கவைத்து, ஒரே தட்டில் சொட்டுகளாக வரிசையாக வைப்பார்கள். குளுக்கோஸ் தட்டில் எல்லாச் சொட்டும் திட்டாக வளரும். கேலக்டோஸ் தட்டில் எது வளர்ந்தது, எது காணாமல் போனது என்பதைக் கண்ணால் பார்த்தாலே போதும், இரண்டு மூன்று நாளில் விடை கிடைக்கும்.

விடை இதுதான். மரபணுவின் ஒரு படியை வைத்தபோது புரதம் அணுவின் சவ்வை ஒட்டி நின்றது, ஈஸ்ட் வளர்ந்தது. இரண்டு படி வைத்தபோது அணுவுக்குள் கட்டிகளாகத் திரண்டது, ஈஸ்ட் வளரவில்லை. அவுடெய்ரோவும் லிண்ட்குவிஸ்டும் 2003-ல் இதை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு அதே இதழில், சிங்கிள்டன் குழு ஒரு அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றி எழுதியது. அந்தக் குடும்பத்தில் ஆல்ஃபா சைனூக்ளின் மரபணுப் பகுதி ஒரு குரோமோசோமில் மும்மடங்காகியிருந்தது. மரபணுவில் எழுத்துப்பிழை எதுவுமில்லை, அளவு மட்டும் கூடுதல். அவர்களுக்கும் பார்க்கின்சன் வந்தது. தட்டில் இருந்த ஈஸ்டும் இந்தக் குடும்பமும் ஒரே பதிலைத் தந்தன.

அடுத்து, கட்டி எங்கே முதலில் கெடுக்கிறது என்று கேட்டார்கள். 2006-ல் ஆண்டனி கூப்பர், ஆரன் கிட்லர் உள்ளிட்ட குழு ஈஸ்டின் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்து எது ஈஸ்டைக் காப்பாற்றுகிறது என்று தேடியது. புரதங்கள் தயாராகும் இடத்திலிருந்து கோல்கி உறுப்புக்குப் போகும் வழி அடைபடுவதுதான் முதல் சேதம் என்று தெரிந்தது. அந்த வழியை நடத்தும் ஒய்.பி.டி-1 புரதத்தைக் கூட்டினால் ஈஸ்ட் பிழைத்தது. பிறகு அதன் விலங்கு உறவான ராப்-1-ஐப் பழ ஈயிலும் புழுவிலும் எலியின் நரம்பணுவிலும் கூட்டிப் பார்த்தார்கள். டோபமைன் அணுக்கள் சாவது குறைந்தது. ஈஸ்ட் ஆராய்ச்சிக்குப் பலர் மனம் திறந்தது இந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு.

ஆனால் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தது 2010-ல் வந்த கட்டுரை. அதைச் சொல்ல 1971-க்கும் பம்பாய்க்கும் போகவேண்டும். அங்கே நோஷிர் வாடியா என்ற நரம்பியல் மருத்துவர் ஒன்பது குடும்பங்களைக் கவனித்தார். நடை தள்ளாடும், பேச்சு குழறும், பரம்பரையாக வரும் சிறுமூளை நோய். அவர்களிடம் மட்டும் வித்தியாசமாக ஒன்று. கண்கள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பாய்வதற்குப் பதிலாக மெதுவாக நகர்ந்தன. ஆர்.கே. சுவாமியுடன் சேர்ந்து 'பிரெய்ன்' இதழில் இதைப் புதிய வகை என்று எழுதினார். 1996-ல் அந்த நோயின் மரபணு கிடைத்தது. அதன் புரதத்துக்கு அட்டாக்ஸின்-2 என்று பெயர். குளூட்டமைன் என்ற அமினோ அமிலம் அந்தப் புரதத்தில் பெரும்பாலானவர்களுக்கு 22 முறை அடுத்தடுத்து வரும். 34-க்கு மேல் போனால் வாடியா கண்ட நோய்.

இப்போது ஈஸ்டுக்குத் திரும்புவோம். ஏ.எல்.எஸ் நோயில் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சாகின்றன. ஸ்டீபன் ஹாக்கிங்கால் பலருக்கும் தெரிந்த நோய். அந்த அணுக்களில் திரள்வது டி.டி.பி-43 என்ற புரதம் என்று 2006-ல் தெரிந்தது. கிட்லர் அப்போது பென்சில்வேனியாவில் சொந்த ஆய்வுக்கூடம் தொடங்கியிருந்தார். டி.டி.பி-43-ஐ ஈஸ்டில் வைத்து, 5,500 ஈஸ்ட் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். அதில் பி.பி.பி-1 என்ற ஒன்று நச்சை அதிகமாக்கியது. அதை நீக்கினால் ஈஸ்ட் மீண்டது. பி.பி.பி-1-க்கு மனித உடலில் உள்ள சொந்தம் எது என்று பார்த்தபோது கிடைத்தது அட்டாக்ஸின்-2.

சிறுமூளை நோயின் புரதம் தசை நரம்பு நோயின் புரதத்தோடு கைகோக்கும் என்று எந்த வார்டிலும் யாரும் யூகிக்கவில்லை. கிட்லர் குழு நோயாளிகளின் இரத்தத்தில் தேடியது. 915 ஏ.எல்.எஸ் நோயாளிகளில் 4.7 சதவீதம் பேருக்கு அட்டாக்ஸின்-2-ல் குளூட்டமைன் 27 முதல் 33 வரை இருந்தது. 980 ஆரோக்கியமானவர்களில் 1.4 சதவீதம். இயல்புக்கும் வாடியாவின் நோய்க்கும் இடையிலிருந்த, யாரும் பொருட்படுத்தாத அந்த இடைவெளி ஏ.எல்.எஸ்-ஸுக்கான ஆபத்து என்று ஈஸ்ட் காட்டிவிட்டது. பம்பாயில் ஒரு மருத்துவர் கண்களின் வேகத்தைக் கவனித்ததும், நாற்பது ஆண்டு கழித்துத் தட்டில் ஒரு சொட்டு வளராமல் போனதும் ஒரே கட்டுரையில் வந்து சேர்ந்தன.

இத்தோடு நிறுத்தினால் ஈஸ்டைப் பற்றி அளவுக்கு மீறிப் புகழ்ந்ததாகிவிடும். ஈஸ்டுக்கு நினைவு இல்லை, நரம்பு சந்திகள் இல்லை, அழற்சி இல்லை, எண்பது வயது இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகும் அணு, மனித மூளையில் முப்பது ஆண்டு மெதுவாக நடக்கும் சேதத்தைக் காட்டாது. சாட்சி தான் கண்டதை மட்டும் சொல்லும், தீர்ப்பு எழுதாது. அட்டாக்ஸின்-2 கதையிலேயே இதைப் பார்க்கலாம். 2017-ல் கிட்லர் குழு டி.டி.பி-43 ஏற்றப்பட்ட எலிகளில் அட்டாக்ஸின்-2-ஐக் குறைத்தபோது அவற்றின் ஆயுள் நன்றாகவே நீண்டது. பயோஜென் நிறுவனம் அயோனிஸுடன் சேர்ந்து அதே வழியில் ஒரு மருந்தைத் தயாரித்து ஏ.எல்.எஸ் நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரில் செலுத்திச் சோதித்தது. மருந்து அட்டாக்ஸின்-2-ஐக் குறைக்கத்தான் செய்தது. நரம்புச் சேதத்தின் அளவுகோலான இரத்தப் புரதம் குறையவில்லை, நோயாளிகளின் நிலையும் மேம்படவில்லை. 2024 மே மாதம் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது.

லிண்ட்குவிஸ்ட் இதைப் பார்க்க இல்லை. 2016 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார்.

ஈஸ்ட் தட்டுகள் மட்டும் ஓயவில்லை. ஐ.ஐ.டி. ஹைதராபாத்தில் பசந்த் படேலின் ஆய்வுக்கூடம் டி.டி.பி-43-ஐ ஈஸ்டில் வைத்தே ஆராய்கிறது. காக்ஸின் அதே சிவப்பு–வெள்ளை நிறத்தைப் பயன்படுத்தி, அமிலாய்டு அணுவுக்குள் ஏற்படுத்தும் ஆக்ஸிஜன் நெருக்கடியைக் கண்ணால் பார்க்கும் ஒரு சோதனையை 2016-ல் வெளியிட்டார்கள். விலை உயர்ந்த கருவி தேவையில்லாத ஆராய்ச்சி இது. கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் அகர், ஒரு அடைகாப்பான். நம் கல்லூரி உயிரியல் துறைகளில் இவை எல்லாம் இருக்கின்றன. இளங்கலை மாணவர்கள் சொட்டுச் சோதனையைச் செய்து பார்க்காமலே பட்டம் வாங்கிப் போவதுதான் எனக்கு ஆற்றாமை.

ஏ.எல்.எஸ் பற்றிச் சொன்னபோது ஒன்றை வேண்டுமென்றே தள்ளி வைத்தேன். 1970-ல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி. ராமமூர்த்தி மூவரும் சென்னையிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏ.எல்.எஸ் போலவே கைகால் தசைகள் மெலியும் இளைஞர்கள், அதோடு காது மந்தம், முகமும் நாக்கும் தளர்வு, ஆனால் ஏ.எல்.எஸ் போல விரைவாக உயிரைப் பறிக்காத போக்கு. பெரும்பாலும் தென்னிந்தியாவிலேயே காணப்பட்ட அந்த நோய் இன்று உலகப் பாடநூல்களில் 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்ற பெயரில் இருக்கிறது. அடுத்த அத்தியாயம் அந்த வார்டில் தொடங்கும்.